குறை ஐந்து

விலைப்பட்டியலைக் காற்று கொண்டுபோய்விட்டது.
கிடங்குக் கதவில் நாலு ஆணி மட்டும்,
காகிதத்தின் நாலு மூலைகளைக் கவ்விக்கொண்டு.

சிக்லுஃபியோர்துரில் அந்த ஜூலையில் இரவே இல்லை.
படகு வந்தால் ஜன்னலைத் தட்டுவார்கள்.
ஓடுவோம்.
ஹெர்ரிங்கின் தலையைக் கிள்ளு, குடலை இழு,
வயிறு மேலாக அடுக்கு, உப்பைத் தூவு.
பீப்பாய் நிறைந்தால் ஒரு வில்லையை
எங்கள் பூட்ஸுக்குள் போட்டுவிட்டுப் போவான் பையன்.
சாதாவுக்குப் பித்தளை.
சர்க்கரையும் கிராம்பும் சேர்ந்த மசாலாவுக்குச் செம்பு.
நடக்கையில் கணுக்காலில் கூலி உறுத்தும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
ஸ்டாக்ஹோமில் எங்கள் மீனைத் தின்றவர்
யாரை நினைத்தாரோ.

மீன் குறைந்த வாரம் அது.
சனிக்கிழமை மேஸ்திரி யோர்முண்டுர்
வில்லைகளைப் பெட்டியில் கொட்டிக்கொண்டு
பணத்தை மொத்தமாக நீட்டினார்.
ஒன்றுக்கு எவ்வளவு என்றோம்.
"எல்லாம் சரியாத்தான் இருக்கும்."
அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

விடுதி மாடியில்
உப்பு மூட்டைக் காகிதத்தைக் கிழித்து எழுதினேன்.
ஹல்பெரா: ஆறு சாதா, நாலு மசாலா, அறுபத்திரண்டு குரோனா.
நான்: ஏழு சாதா, இரண்டு மசாலா, ஐம்பத்தொன்று.
ஆஸ்லாக்: ஒன்பது, மூன்று, அறுபத்து நாலு.

தெரியாதது இரண்டு.
இரண்டுக்கு இரண்டு வாய் போதும்.
மூன்றாவது வாய்
ஒன்று வீண், இல்லையென்றால் வம்பு.

என் வரியை இரட்டித்தேன்.
நான் வாழாத ஒரு வாரம்:
பதினாலு சாதா, நாலு மசாலா, நூற்றிரண்டு குரோனா.
கைக்கு வராத பணம், ஆனாலும் பொய் இல்லை.
அதிலிருந்து ஹல்பெராவைக் கழித்தேன்
(கட்டிலில் படுத்துக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்).
மசாலாவோடு மசாலா மோதி
இரண்டும் காணாமல் போயின.
எட்டு சாதா, நாற்பது குரோனா.
சாதா ஐந்து.
வந்த வழியே திரும்பினால்
மசாலா எட்டு.

ஒன்றைப் பார்க்க
இன்னொன்றைக் கொஞ்ச நேரம் இல்லாமல் செய்யவேண்டியிருக்கிறது.
அது கோபித்துக்கொள்வதில்லை.
கடைசியில் தானாக வந்து நிற்கிறது.

அப்புறம் ஆஸ்லாக்கின் வரி.
நாற்பத்தைந்தைக் கழித்தேன், இருபத்து நாலைக் கழித்தேன்.
இடப்பக்கம், கழுவிவிட்ட மேசை.
வலப்பக்கம், குறை ஐந்து.
நடுவில் அந்தச் சமக்குறி
இரண்டு கோடுகளாக வெட்கமில்லாமல் நின்றது.

ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டிருக்கிறார் மேஸ்திரி!
காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன்,
பின்னால் ஹல்பெரா, கையில் பாதி ஆப்பிள்.
மூன்று வரிகளும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது,
அவ்வளவுதான் கணக்கு சொன்னது.
எந்த வரி பொய் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள் ஆஸ்லாக்.
என் காகிதத்தைப் படித்தாள்,
மீனைத் திருப்பிப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும்.
பிறகு பூட்ஸைக் கழற்றி
உள்தோலை நகத்தால் தூக்கினாள்.
பித்தளை.

"ஒன்பது நிரப்பினேன். எட்டுதான் கொடுத்தேன்."
ஏன்?
"இது புதன்கிழமையோடது."

புதன்கிழமை என்ன நடந்தது?
யோசித்துப் பார்த்தேன்.
ஒரு படகு வந்தது. ஒரு படகு போனது.
கொஞ்சம் தூறல்.
எந்தக் கிழமைக்கும் அதே வரிதான் எனக்கு.
அவள் வில்லையைத் திரும்ப வைத்து
உள்தோலைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

ஐந்து குரோனா கொடுத்து வாங்கியிருக்கிறாள்,
தன்னிடமிருந்தே, எதையோ.

வாசலில் மேஸ்திரி, வாயில் சுருட்டு.
"என்ன கூட்டம்?"
"பட்டியலை மறுபடி ஒட்டுங்கள்.
சாதா ஐந்து, மசாலா எட்டு."
"யார் சொன்னது?"

ஜன்னல் கண்ணாடியில் தட்டும் சத்தம்.
படகு.
மேல்சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினோம்,
வெள்ளை இரவில், எங்கள் பூட்ஸ்கள் காலியாக.
ஆஸ்லாக் ஓடுகையில் மட்டும்
ஒரு கால் லேசாகச் சிணுங்கியது.